கோழியும் பன்றியும் சொல்லிக்கொடுத்த மாஸ் பேலன்ஸ்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் போன் பண்ணினார். "உன் அனுபவத்துல இருந்து ஏதாவது ஒரு விஷயம், இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். "கோழித் தீவனம், பன்றித் தீவனம் பற்றிப் பேசட்டுமா சார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "நீ கெமிக்கல் இன்ஜினியரிங்தானே படிச்சே?" என்றார். ஆமாம், அதைத்தான் படித்தேன். அதைச் சரியாகப் படித்திருந்தால் இந்தப் பேச்சுக்கே அவசியம் வந்திருக்காது. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 1997-ல் செங்கல்பட்டிலிருந்து பிரித்துத் திருவள்ளூர் மாவட்டம் என்று தனியாக ஆக்கியபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பொன்னேரியில் ரயில் ஏறினால் கவரைப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டி. ஜன்னலுக்கு வெளியே முதலில் நெல் வயல், அப்புறம் உருக்காலைப் புகைபோக்கி. எங்கள் ஊர்க்காரர்களின் வாழ்க்கையும் அப்படித்தான், பாதி வயல், பாதி கேட் பாஸ்.

எங்கள் கேன்டீனில் மூன்று ஷிப்ட்டுக்கும் சமையல் உண்டு. பாத்திரத்தில் மிச்சமாகிற சோறும் பொரியலும் ஒரு நாளைக்கு 60 கிலோவுக்குக் குறையாது. அத்தனையும் குப்பை வண்டியில் போகும். தினமும் அதைப் பார்க்கிறபோது எனக்கு மனசு கேட்காது. சோற்றைக் கீழே சிந்தினால் அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகள்தானே நாமெல்லாம்!

எங்கள் மெயின்டனன்ஸ் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரு ஃபிட்டர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 2020 ஊரடங்குக்குப் பிறகு அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மூன்று பிள்ளைகளோடு அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் குடும்பத்தில் முன்பு பன்றி வளர்த்தவர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் அவர் வீட்டுக்கே போய், "அண்ணே, கேன்டீன் மிச்சத்தை நான் வாங்கித் தர்றேன். தீவனச் செலவே கிடையாது. ஆறு குட்டி வாங்கி விடுங்க" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: "எங்க தாத்தா பன்னி மேய்ச்சாரு சார். ஸ்கூல்ல என்னை அதைச் சொல்லித்தான் கூப்பிடுவானுங்க. அதை மறக்கத்தான் ஐ.டி.ஐ. படிச்சேன்."

இதைக் கேட்ட பிறகும் நான் விடவில்லை. "இது விஞ்ஞான முறை அண்ணே, நான் பார்த்துக்கறேன்" என்றேன். படித்தவன் சொல்கிறானே என்று நம்பினார். மனைவியின் கம்மலை அடகு வைத்து, 2021-ல் ஆறு வெண்பன்றிக் கலப்பினக் குட்டிகள் வாங்கினார். இரண்டு மாதக் குட்டி, ஒவ்வொன்றும் பத்து கிலோ இருக்கும்.

அதே சமயத்தில் என் வீட்டிலும் ஒரு 'விஞ்ஞான முறை' நடந்தது. அம்மா இருபது நாட்டுக்கோழி வைத்திருந்தார். அதுபாட்டுக்குத் தெருவெல்லாம் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் வந்து அடையும். நாய் பிடிக்கிறது, கீரி பிடிக்கிறது என்று நான் வலை போட்டு ஷெட் கட்டினேன். வேளாவேளைக்கு நொய், கேன்டீன் சோறு, சுத்தமான தண்ணீர், எல்லாம் ஏற்பாடு. வேலி ஓரத்தில் அம்மா ஒரு பழைய மண்சட்டி வைத்திருப்பார். காய்ந்த சாணி, கிழிந்த கோணி, கொஞ்சம் வைக்கோல் அடைத்துத் தண்ணீர் தெளித்து, புற்றுக்குப் பக்கத்தில் ராத்திரி கவிழ்த்து வைத்தால் காலையில் சட்டி நிறையக் கரையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுகளுக்குக் கொட்டுவார். அசிங்கமாக இருக்கிறதென்று அந்தச் சட்டியைத் தூக்கி எறிந்தேன். அம்மா, "இன்னாடா நீ, கோழிக்கு ஜெயிலு கட்டி வெச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றே மாதத்தில் இரண்டு பரிசோதனையின் ரிசல்ட்டும் வந்துவிட்டது. கோழிகள் முட்டை இடுவது பாதிக்குக் கீழே போனது. இட்டதிலும் சில ஓடே இல்லாத தோல் முட்டை. ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கிக்கொண்டன. அங்கே அண்ணன் வீட்டில் பன்றிகளுக்கு வயிறு பானை மாதிரி இருந்தது, முதுகெலும்பு தெரிந்தது. ஐந்து மாத வயதில் 40 கிலோவுக்கு மேல் வந்திருக்க வேண்டியவை, 22 கிலோவில் நின்றன.

"புரோட்டீன் பத்தலை போல" என்று நானே தீர்மானித்தேன். மழைக்காலம். ஒரு கடையில் கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தது. லேசாகப் பூசணம் பிடித்திருந்தது. "வேகவெச்சா எல்லாம் போயிடும்" என்று சொல்லி அதைக் கொடுக்க வைத்தவனும் நான்தான். ஆறில் இரண்டு குட்டி செத்துப்போயின. அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், ஈரல் கெட்டிருக்கிறது, புண்ணாக்கு பூசணமா என்றுதான் முதலில் கேட்டார். அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. ஒரு நாள் லீவு போட்டு, அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் காட்டுப்பாக்கம் போனேன். 1989-ல் தொடங்கிய நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. பன்றி வளர்ப்பு, தீவன ஆராய்ச்சி எல்லாம் அங்கே உண்டு. எங்கள் கதையை முழுவதும் கேட்ட பேராசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நீங்க இன்ஜினியர்தானே? கணக்குப் போட்டீங்களா?"

போடவில்லை. நண்பர்களே, இரண்டாம் வருஷத்தில் மாஸ் பேலன்ஸ் பேப்பரில் நான் வாங்கிய மார்க் என்னவென்று இங்கே உட்கார்ந்திருக்கும் சாருக்குத் தெரியும். வேண்டாம் சார், சொல்லிடாதீங்க. அந்தக் கணக்கை அன்றைக்குக் காட்டுப்பாக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டோம். அதையே இங்கே திரும்பப் போடுகிறேன்.

30 கிலோ பன்றிக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை கிலோ உலர் தீவனம் வேண்டும். அதில் 16 சதவீதம் புரோட்டீன், அதாவது 240 கிராம். சோற்றில் 70 சதவீதம் தண்ணீர். ஒன்றரை கிலோ உலர் சத்துக்கு 5 கிலோ சோறு தின்ன வேண்டும். சோற்றில் புரோட்டீன் இரண்டரை சதவீதம்தான், ஆக 125 கிராம். வயிறு முட்டத் தின்றாலும் தேவையில் பாதிதான் கிடைக்கிறது. பானை வயிறும் முதுகெலும்பும் எங்கிருந்து வந்தன என்று புரிகிறதா? நாங்கள் 'இலவசம்' என்று சுமந்து போனதில் முக்கால்வாசி தண்ணீர்.

சரி, புரோட்டீன் குறைவு. புண்ணாக்கைச் சேர்த்தால் முடிந்ததா? முடியவில்லை. இரண்டாவது பாடம் இங்கேதான்.

தீவனத்தில் புரோட்டீன் எவ்வளவு என்று நேரடியாக யாரும் அளப்பதில்லை. 1883-ல் டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையின் ஆய்வுக்கூடத்தில் கெல்டால் என்பவர் கண்டுபிடித்த முறையில் நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கிச் சொல்கிறோம். லேபில் நாமெல்லாம் செய்த டைட்ரேஷன்தான். ஆனால் அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. யூரியாவை அதே கணக்கில் போட்டால் 287 சதவீதம் புரோட்டீன் என்று வரும்! 2008-ல் சீனாவில் பால் பவுடரில் மெலமைன் கலந்து குழந்தைகளைக் கொன்றார்களே, அதுவும் இந்த ஓட்டையில் புகுந்த மோசடிதான்.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. உள்ளே இருக்கிற நுண்ணுயிர்கள் எதைக் கொடுத்தாலும் ஓரளவு தங்களுக்கு வேண்டிய புரோட்டீனாக மாற்றிக்கொள்ளும், அது மாட்டுக்குப் போகும். பன்றிக்கும் கோழிக்கும் அந்த வசதி கிடையாது. நம்மை மாதிரிதான். புரோட்டீன் என்பது அமினோ அமிலம் என்ற கற்களால் கட்டிய சுவர். சில கற்களை உடம்பே செய்துகொள்ளும், சிலவற்றைத் தீவனத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அவற்றில் எந்தக் கல் குறைவோ, அதோடு சுவர் நின்றுவிடும். மிச்சக் கற்கள் வீண், அவற்றின் நைட்ரஜன் சிறுநீரில் போகும். இதற்கு நாம் வகுப்பில் வேறு பெயர் படித்தோம்: லிமிட்டிங் ரியாக்டன்ட். தானியம் அதிகமாகத் தின்னும் பன்றிக்கு முதலில் குறைவது பெரும்பாலும் லைசின். கோழிக்குப் பெரும்பாலும் மெத்தியோனின், ஏனென்றால் அதற்கு இறகு வளர்க்கக் கந்தகம் உள்ள அமிலம் நிறைய வேண்டும். எங்கள் கோழிகள் ஏன் இறகைப் பிடுங்கின என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை நம் பாட்டிகள் எப்போதோ செய்துவிட்டார்கள். அரிசியில் லைசின் குறைவு, மெத்தியோனின் பரவாயில்லை. உளுந்தில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து அரைத்தால் இட்லி. அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்தால் பொங்கல். தனித்தனியாக இரண்டும் நொண்டி, தோளில் கை போட்டுக்கொண்டால் நடக்கும்.

இப்போது நம் புண்ணாக்குகளைப் பாருங்கள். நொய்யில் புரோட்டீன் 8 சதவீதம், ஒரு நல்ல புண்ணாக்கில் 44 சதவீதம் என்று வைப்போம். கலவை 16 சதவீதமாக வேண்டும். பியர்சன் சதுரம் என்று ஒரு சுலபமான வழி உண்டு. 44-லிருந்து 16-ஐக் கழித்தால் 28, அது நொய்யின் பங்கு. 16-லிருந்து 8-ஐக் கழித்தால் 8, அது புண்ணாக்கின் பங்கு. 100 கிலோவுக்கு 78 கிலோ நொய், 22 கிலோ புண்ணாக்கு. இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

ஆனால் அந்தப் புண்ணாக்கு எது என்பதில்தான் விஷயம். வளரும் பன்றிக்கு 100 கிலோ தீவனத்தில் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை லைசின் வேண்டும். கடலைப் புண்ணாக்கு போட்டால் சுமார் அரை கிலோதான் தேறும். அதே அளவு சோயாப் புண்ணாக்கு போட்டால் 800 கிராமைத் தொடும். பையில் எழுதியிருக்கும் சதவீதம் இரண்டுக்கும் ஒன்றுதான், பன்றிக்கு ஒன்றல்ல. பூசணம் இல்லாத நல்ல கடலைப் புண்ணாக்கே கொடுத்திருந்தாலும் எங்கள் குட்டிகள் முழுசாக வளர்ந்திருக்காது.

பேராசிரியர் எழுதிக்கொடுத்த திட்டம் இதுதான். 30 கிலோ பன்றி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு: வேகவைத்த கேன்டீன் மிச்சம் 3½ கிலோ, சோயாப் புண்ணாக்கு 300 கிராம், தவிடு 150 கிராம், உப்புச் சேர்க்காத தாது உப்புக் கலவை 20, 30 கிராம். கூட்டிப் பாருங்கள். சோற்றிலிருந்து 88, சோயாவிலிருந்து 135, தவிட்டிலிருந்து 20, ஆக 243 கிராம் புரோட்டீன். லைசினும் சரியாக வருகிறது. செலவு செய்ய வேண்டியது அந்த 300 கிராமுக்குத்தான். அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் மற்றதையெல்லாம் வீணாக்கினோம்.

கோழிக்கு வேறு கணக்கு. இதற்கு நம் மாவட்டத்திலேயே சரக்கு இருக்கிறது. செங்குன்றத்து அரிசி ஆலைகளில் நொய்யும் தவிடும் கிடைக்கும். ஆனால் தவிட்டில் எண்ணெய் உண்டு, சில நாளில் காறிப்போகும். புதிதாக வாங்கி உடனே தீர்க்க வேண்டும். உமி கலந்த தவிடு வேண்டாம். பழவேற்காடு பக்கம் சின்ன மீன் காயவைக்கிறார்கள். உப்புப் போட்ட கருவாடு கோழிக்கு ஆகாது. உப்பில்லாமல் வெயிலில் காய்ந்த காரப்பொடி மாதிரி மீன் கிடைத்தால் லைசினும் மெத்தியோனினும் இரண்டும் அதில் உண்டு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் முட்டையில் மீன் வாடை அடிக்கும். எள்ளுப் புண்ணாக்கில் லைசின் குறைவு, மெத்தியோனின் நிறைய. கடலைக்கு அதுதான் ஜோடி.

அம்மாவின் கோழிகளுக்கு நாங்கள் கலப்பது, 10 கிலோவுக்கு: நொய் 5 கிலோ, தவிடு 1½ கிலோ, நல்ல கடலைப் புண்ணாக்கு 1 கிலோ, எள்ளுப் புண்ணாக்கு அரை கிலோ, காய்ந்த மீன்தூள் 1 கிலோ, கிளிஞ்சல் தூள் 700 கிராம், தாது உப்புக் கலவை 300 கிராம். புரோட்டீன் 16 சதவீதத்துக்கு மேல் வரும். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. நொய்யில் அது கிட்டத்தட்ட இல்லை. தோல் முட்டைக்குக் காரணம் அதுதான். இது முட்டையிடும் கோழிக்கு மட்டும். குஞ்சுக்கு இவ்வளவு கிளிஞ்சல் கொடுத்தால் சிறுநீரகம் கெடும்.

அசோலா பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். உலர்ந்த அசோலாவில் 20 முதல் 25 சதவீதம் புரோட்டீன் என்பது உண்மை. ஆனால் குளத்திலிருந்து அள்ளும்போது 94 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் கிடைப்பது 13 கிராம் புரோட்டீன். ஒரு பிடி, அதாவது 30 கிராம் கடலைப் புண்ணாக்கில் அது இருக்கிறது. அசோலா நல்லதுதான், மஞ்சள் கருவுக்கு நிறம் தரும், வைட்டமின் தரும். அது மட்டுமே போதும் என்று யாராவது சொன்னால், தண்ணீரைக் கழித்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் கரையான் சட்டி. நான் என் அறியாமையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பேராசிரியர் சிரித்துவிட்டார். "உங்க அம்மா செஞ்சது குஞ்சுகளுக்கான முதல்தர புரோட்டீன் தீவனம். அதை நாங்களே விவசாயிகளுக்குச் சொல்லித் தர்றோம்" என்றார். கரையானில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரோட்டீன், அதுவும் பூச்சிப் புரோட்டீன், கோழி காலங்காலமாகத் தின்று வளர்ந்தது. தெருவில் மேய்ந்த கோழி பூச்சி, புழு, கீரை, கிளிஞ்சல் துண்டு என்று தன் கணக்கைத் தானே போட்டுக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திய அன்றைக்கே அந்தக் கணக்கு முழுவதும் என் பொறுப்பு ஆகிவிட்டது. அது எனக்குத் தெரியவில்லை.

இனி எச்சரிக்கைகள். இதில் நான் பட்டதும் உண்டு, உலகம் பட்டதும் உண்டு.

முதலாவது, பூசணம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூசணத்தின் விஷம் என்று கண்டுபிடித்தார்கள். அதுதான் அஃப்ளாடாக்சின். கோழித் தீவனத்தில் 20 பி.பி.பி. தாண்டக் கூடாது என்பார்கள். ஒரு டன்னுக்கு 20 மில்லிகிராம்! வேகவைத்தால் போகாது. நான் சொன்ன ஒரு பொய்யான வாக்கியத்துக்கு இரண்டு குட்டிகள் விலை. புண்ணாக்கைக் காய்ந்ததாக வாங்குங்கள், பலகை மேல் அடுக்குங்கள், மழை மாதங்களில் கொஞ்சமாக வாங்குங்கள்.

இரண்டாவது, நோய். 2001-ல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவி அறுபது லட்சத்துக்கு மேல் கால்நடைகளைக் கொல்ல வேண்டி வந்தது. சரியாக வேகவைக்காத ஹோட்டல் எச்சில் தின்ற ஒரு பன்றிப் பண்ணையிலிருந்துதான் அது கிளம்பியது என்று கருதுகிறார்கள். அந்த வருஷமே அங்கே எச்சில் தீவனத்தைத் தடை செய்தார்கள். நம் நாட்டுக்குள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல் வடகிழக்கில் நுழைந்தது, 2022-ல் வயநாடு வரை வந்துவிட்டது. அதற்கு மருந்து கிடையாது. வந்தால் கொட்டகையே காலி. ஆகையால் தட்டில் விழுந்த எச்சில் வேண்டாம், பாத்திரத்து மிச்சம் மட்டும். பன்றி இறைச்சி பட்டது எதுவும் கூடாது. 90 டிகிரியில் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் குளிர்ந்த கட்டி இருந்தால் வைரஸ் அங்கே உட்கார்ந்திருக்கும். ஹீட் டிரான்ஸ்ஃபர் படித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, உப்பு. ஊறுகாய், அப்பளம், சாம்பார் எல்லாவற்றிலும் உப்பு. பன்றிக்கு உப்பு கூடித் தண்ணீர் குறைந்தால் மூளையைத் தாக்கி வலிப்பு வரும். தொட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும்.

நான்காவது, நம் சிப்காட் வட்டாரத்துக்கே உரியது. நாங்கள் சோறு கொண்டுபோன டிரம் எங்கே வாங்கினீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். ரோட்டோரக் காயலான் கடையில். அதில் முன்பு என்ன இருந்தது? தெரியாது. ஒரு கெமிக்கல் இன்ஜினியர் சொன்ன பதில் இது! அன்றைக்கே அதைத் தூக்கிப் போட்டோம். ரசாயன டிரம்மில் தீவனமும் தண்ணீரும் வைக்காதீர்கள். ஆலைக் கழிவு மண்ணில் கோழியை மேயவிடாதீர்கள். மண்ணில் இருப்பது முட்டைக்கு வரும்.

டிரம் போனதும் அண்ணன் ஒரு வேலை செய்தார். கேன்டீன் மிச்சத்தை வேகவைக்கத் தானே ஒரு கெட்டில் செய்தார். புதிய துருப்பிடிக்காத எஃகுத் தகடு, கீழே விறகு அடுப்பு, மேலே பழைய கியர் பாக்ஸில் மாட்டிய கிளறுகோல், பக்கத்தில் தெர்மாமீட்டர் சொருக ஒரு குழாய். வெல்டிங் முழுவதும் அவர் கை. அடியில் பிடிக்காமல் இருக்கக் கிளறுகோலின் இறக்கையை எப்படி வளைக்க வேண்டும் என்று எனக்கு அவர்தான் விளக்கினார். பன்றி விஷயத்தில் என் யோசனையைக் கேட்டுத் தலைகுனிந்து நின்ற மனிதர், அந்தக் கெட்டிலுக்குப் பக்கத்தில் பழைய ஃபிட்டராக நின்றார்.

மிச்சம் நான்கு பன்றிகளும் அடுத்த மூன்று மாதத்தில் எடை பிடித்தன. விற்று வந்த பணத்தில் முதல் வேலையாகக் கம்மலை மீட்டார். செத்த இரண்டு குட்டிக்கு நான் பணம் கொடுத்தபோது முதலில் வாங்க மறுத்தார். "அது கடன் இல்லே அண்ணே, பீஸ். உங்க குட்டிங்க மேலதான் நான் படிச்சேன்" என்றேன். அப்புறம்தான் வாங்கிக்கொண்டார். இப்போது பன்னிரண்டு வைத்திருக்கிறார். அவருடைய பெரிய பெண் பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறாள். கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறேன் என்கிறாள். 1903-லிருந்து வேப்பேரியில் இருக்கும் அந்தக் கல்லூரியைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவைக் கூட்டிப் போயிருக்கிறாள். "பன்னிக்காரன் பொண்ணுன்னு சொல்லுவாங்களேம்மா" என்று அவர் கேட்டிருக்கிறார். "சொல்லட்டும்ப்பா, ஊசி போட என்கிட்டத்தானே வரணும்" என்றாளாம்.

எங்கள் வீட்டில் வலை ஷெட் ராத்திரிக்கு மட்டும். பகலில் கோழிகள் வெளியே. வேலி ஓரத்தில் கரையான் சட்டி திரும்ப வந்துவிட்டது. புதுச் சட்டி வாங்கித் தந்தது நான். "பழசுதான் நல்லா ஏறும், இதுல என்ன ஏறுதோ பார்ப்போம்" என்று அம்மா இன்னும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முடிக்கும் முன் இரண்டு வேண்டுகோள். இங்கே ஆலை நடத்துகிறவர்கள், ஆலையில் பொறுப்பில் இருக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் கேன்டீன் மிச்சத்தை ஒரு வாரம் எடை போட்டுப் பாருங்கள். அதைக் கொடுப்பதாக இருந்தால் பிளாஸ்டிக் டம்ளர், எலும்பு, எச்சில் இலை கலக்காமல் கொடுங்கள். வாங்குகிறவருக்கு வேகவைக்க வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் செய்வது தானம் அல்ல, குப்பையைக் கைமாற்றுவது.

இரண்டாவது, நம் துறைத் தலைவருக்கு. இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். இருபது கோழி, பத்துப் பன்றி வைத்திருக்கிறவருக்கு ஒரு சின்னத் தீவனக் கலவை இயந்திரம், புண்ணாக்கையும் மீனையும் பூசணம் பிடிக்காமல் உலர்த்த ஒரு சூரிய உலர்த்தி, வெப்பநிலையைப் பதிவு செய்யும் ஒரு கெட்டில், இவற்றைச் செய்யச் சொல்லுங்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் சோதித்துப் பார்க்க இடம் நான் ஏற்பாடு செய்கிறேன். வெல்டிங் சந்தேகம் வந்தால் அண்ணன் இருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை, கணக்கைப் போட்ட பிறகு ஊருக்குள் வாருங்கள். நான் செய்த மாதிரி வந்த பிறகு கணக்குப் போட வேண்டாம்.

இன்று ராத்திரி விருந்து இருக்கிறது. சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன், பாத்திரத்தில் மிச்சமாகும் சோற்றைத் தனியாக வைப்பார். சுத்தமான பாத்திரம் நானே கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் நீங்கள் நன்றாகச் சாப்பிடுங்கள், அண்ணன் வீட்டுப் பன்றிகளுக்காக யாரும் மிச்சம் வைக்க வேண்டாம்.